நூறு தந்திகளின் அமானிதம்

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். பாடம் முடிந்து நூலை மூடிய வேளையில், மாணவர் ஒருவர் செய்தித்தாளில் வந்திருந்த ஒரு படத்தை நம் முன்னே வைத்தார். மும்பையில் சந்தூர் மேதை பண்டிட் சிவகுமார் சர்மாவின் இறுதி ஊர்வலம். பாடையைச் சுமந்தோரில் ஒருவராகத் தபலா மேதை உஸ்தாத் ஜாகிர் ஹுசைன் தோள் கொடுத்து நடந்துகொண்டிருந்தார். சிதையருகே அவர் தனியே நின்ற மற்றொரு படமும் அந்நாட்களில் நாடெங்கும் பேசப்பட்டது.

மாணவரின் ஐயம் வேறாக இருந்தது. “ஹஜ்ரத், சந்தூர் என்பது அரபுச் சொல்தானே? அப்படியானால் அந்தக் கருவி நம்முடையதுதானே?” என்று கேட்டார்.

முதற் கேள்விக்கு மட்டும் அன்று விடை சொன்னோம். இரண்டாவது கேள்வி, குலசேகரன்பட்டினத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நம்முடன் வந்தது. ஜாகிர் ஹுசைனும் 2024 டிசம்பர் 15இல் மறைந்துவிட்டார். மாணவரின் கேள்வி மட்டும் இன்னும் விடை வேண்டி நிற்கிறது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

சரிவக வடிவில் அமைந்த ஒரு மரப்பெட்டி. அதன் மேற்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு ‘குதிரைகள்’. ஒவ்வொரு குதிரையின் மீதும் ஒரே சுரத்துக்குச் சுருதி சேர்க்கப்பட்ட தந்திகள் மூன்றோ நான்கோ ஓடும். இரு கைகளிலும் பிடித்த மெல்லிய மரக்கோல்களால் அவற்றைத் தட்டினால் நாதம் எழும். வீணையைப் போல மீட்டுவதில்லை. சாரங்கியைப் போல வில்லால் இழைப்பதில்லை. சந்தூரின் அமைப்பு இவ்வளவுதான்.

ஈரானியச் சந்தூரில் 18 குதிரைகள், குதிரைக்கு 4 தந்திகள், ஆக 72. காஷ்மீரச் சந்தூரில் 25 குதிரைகளும் 100 தந்திகளும் உண்டு. இதே குடும்பத்துக் கருவியைச் சீனர் யாங்சின் என்றும், ஹங்கேரியர் சிம்பலோம் என்றும், கிரேக்கர் சந்தூரி என்றும், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் டல்சிமர் என்றும் அழைப்பர்.

‘ஸன்தூர்’ என அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் சொல்லின் வேர் அரபியில் இல்லை. ‘ஸால்தேரியோன்’ என்னும் கிரேக்கச் சொல் அரமாயிக் மொழி வழியாக வந்து இவ்வடிவம் பெற்றது என்பது மொழியறிஞர் கருத்து. விவிலியத்தின் தானியேல் நூலில், பாபிலோன் அரசவையின் இசைக்கருவிகளை அடுக்கிச் சொல்லும் அரமாயிக் பகுதியில் ‘பஸன்தேரீன்’ என்றொரு பெயர் வருகிறது. பதினோராம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் மனூசிஹ்ரீயின் கவிதையில் சந்தூர் என்னும் பெயர் தெளிவாகவே இடம்பெறுகிறது. ஆக, மாணவரின் முதற் கேள்விக்கு விடை இதுவே: அரபி அச்சொல்லை ஏற்றுக் காத்தது, பிறப்பித்தது வேறொரு மொழி.

தட்டும் கோலின் பெயரிலோ அரபியின் பங்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. ஈரானில் அதற்கு ‘மிள்ராப்’ என்று பெயர். ‘ளரப’, அதாவது ‘அடித்தான்’ என்னும் வினையிலிருந்து பிறந்த கருவிப்பெயர் அது. இலக்கணத்தின் முதற்பாடத்திலேயே நாம் மனனம் செய்த வினையல்லவா? காஷ்மீரத்தில் அதே கோலுக்குக் ‘கலம்’ என்று பெயர். எழுதுகோலைக் குறிக்கும் அச்சொல்லை நம் தெருப் பிள்ளைகளும் அறிவர். எழுதுகோலின் பெயரை இசைக்கோலுக்குச் சூட்டிய மக்கள், இரண்டாலும் ஏதோ ஒன்று பதிவாகிறது என எண்ணியிருக்க வேண்டும்.

பக்தாதும் காயலும்

சந்தூர் நம் கடற்கரைக்கு வந்ததாகச் சொல்ல இயலாது. ஆயினும் அது வழங்கிய நாடுகளுக்கும் இக்கரைக்கும் இருந்த உறவு மிக நெருக்கமானது. பாண்டியன் குலசேகரனின் ஆட்சிக்காலத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ‘கலேஸ் தேவர்’ என்னும் பெயரால் குறிக்கிறார். பாரசீக வளைகுடாவில் கைஸ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தம் கலங்களில் பாண்டிநாட்டுக்கு அனுப்பும் உடன்படிக்கை செய்திருந்தார் என்றும், அவருடைய உடன்பிறந்தார் தகிய்யுத்தீன் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தார் என்றும் எழுதுகிறார். இதே காலத்தில்தான் மார்க்கோ போலோவும் காயல் துறைமுகத்தைக் கண்டு வியந்தார்.

அக்குதிரைக் கலங்கள் காயலை நோக்கிப் பாய் விரித்த அதே ஆண்டுகளில், பக்தாதில் ஸஃபிய்யுத்தீன் அல்உர்மவீ என்னும் இசையறிஞர் தம் முதுமையைக் கழித்துக்கொண்டிருந்தார். அப்பாஸியரின் கடைசிக் கலீஃபா முஸ்தஃஸிமின் அவையில் நூலகப் பணியும் இசைப்பணியும் புரிந்தவர் அவர். ஓர் எண்மத்தைப் பதினேழு இடைவெளிகளாகப் பகுத்து அவர் வகுத்த இசைக்கணக்கு, பின்வந்த பல நூற்றாண்டுகளுக்கு அரபு, பாரசீக, துருக்கிய இசைகளுக்கு இலக்கணமாக நின்றது. ‘நுஸ்ஹா’ என்னும் பல்தந்திக் கருவி ஒன்றையும் அவர் படைத்தார். 1258இல் (ஹிஜ்ரி 656) ஹுலாகு பக்தாதை அழித்தபோது அவர் உயிர் தப்பினார். புதிய ஆட்சியாளரிடமும் சிறிது காலம் செல்வாக்குப் பெற்றார். அவரை ஆதரித்த ஜுவைனீ குடும்பம் வீழ்ந்த பின்னர் வறுமை சூழ்ந்தது. 1294இல் கடனுக்காகச் சிறைப்பட்ட நிலையில் அவர் இறந்தார்.

அரசர்கள் குதிரைக்குக் கொடுத்த விலையை வரலாறு திர்ஹம் தவறாமல் குறித்து வைத்திருக்கிறது. இசைக்கு இலக்கணம் வகுத்தவரின் கடனைத் தீர்க்க ஒருவரும் முன்வரவில்லை. இக்கட்டுரையில் இந்நிலையை இன்னும் சிலரிடத்தில் காண்போம்.

சட்டநூலின் எல்லை

வளைகுடாவிலிருந்து குதிரையும் நூலும் தஸவ்வுஃபும் வந்த இக்கரைக்குத் தந்திக்கருவி ஏன் வேரூன்ற வரவில்லை? காரணங்களுள் ஒன்று நாம் அன்றாடம் போதிக்கும் நூல்களிலேயே இருக்கிறது. நம் கடற்கரை ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’, திருமணத்திலும் கத்னா விருந்திலும் தஃப் முழக்குவதை அனுமதிக்கிறது. மதுவருந்துவோரின் அடையாளமாகிய தந்திக்கருவிகளை விலக்குகிறது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ், இறப்பு 1111) ‘இஹ்யா’வில் ஸமாஃ குறித்துத் தனி அதிகாரமே எழுதினார். உள்ளத்தை இறைவன்பால் திருப்பும் இசையைத் தக்க நிபந்தனைகளுடன் ஏற்ற அவரும், தந்திக்கருவிகளைப் பொறுத்தவரை, குடிமன்றங்களின் சின்னங்களாக அவை ஆகிவிட்டமையால் விலக்கே என்றார்.

இது ஒருபுறம். ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்), இசைக்கருவிகளைத் தடுப்பதாகக் காட்டப்படும் அறிவிப்புகளின் வலிமையையே கேள்விக்குள்ளாக்கினார். டமாஸ்கஸின் ஹனஃபீ அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ், 1641–1731), கருவிகளுடன் இசை கேட்பது பற்றித் தனி நூலே இயற்றி, கேட்பவரின் எண்ணத்தையும் சூழலையும் கொண்டே சட்டம் அமையும் என வாதிட்டார்.

நாம் இங்கு ஃபத்வா எழுதப் புகவில்லை. அறிஞர்களின் கருத்து வேற்றுமையே நிலவியலை வரைந்தது என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம். இக்கரை முஸ்லிம்கள் தங்கள் இசையைத் தொண்டையிலும் தஃபிலும் வைத்துக் காத்தனர். ‘வித்ரிய்யா’வுக்குத் தக்மீஸ் இயற்றிய ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ், 1632–1703) அவர்களின் அடிகள், இம்மண்ணில் கருவியின் துணையின்றியே சந்தத்தோடு ஓதப்பட்டன. ஹனஃபீ மத்ஹபு பரவிய காஷ்மீரத்திலோ, சூஃபிகள் தந்திகளையே தங்கள் மஜ்லிஸின் நடுவில் வைத்தனர்.

ஜீலம் நதிக்கரையில்

பதினான்காம் நூற்றாண்டில் ஹமதானிலிருந்து காஷ்மீரம் வந்த மீர் ஸய்யித் அலீ ஹமதானீ (ரஹ், 1314–1385) அவர்களுடன் சீடரும் கைவினைஞரும் பலராக வந்தனர். சால்வை நெசவு முதலிய கலைகள் அவர் வருகையோடு இணைத்துச் சொல்லப்படுகின்றன. அதற்கடுத்த நூற்றாண்டில் சுல்தான் ஸைனுல் ஆபிதீன் (ஆட்சி 1420–1470) இசைக்குத் தம் அவையைத் திறந்து வைத்தார். ‘புத்ஷாஹ்’, பேரரசர் என்று காஷ்மீரிகள் இன்றும் அவரை நினைவுகூர்கின்றனர்.

அந்த அவையின் வரலாற்றைச் சமஸ்கிருதத்தில் எழுதியவர் ஸ்ரீவரர். அவரே பாடகர். குராசானிலிருந்து வந்த ஊத் கலைஞர் சுல்தானின் அவையில் வாசித்ததை அவர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முஸ்லிம் சுல்தானின் அவையில், குராசானியரின் வாத்தியத்தைக் கேட்டு, ஓர் அந்தணர் சமஸ்கிருதத்தில் எழுதி வைத்தார். காஷ்மீர இசையின் பிறப்புச் சான்று ஒன்று வேண்டுமெனில் இதனைக் காட்டலாம்.

இக்கலப்பில் உருவானதே ‘ஸூஃபியானா மூஸீகீ’. இதன் பண்களுக்கு இராகம் என்று பெயரில்லை. மகாம் என்றே பெயர். ராஸ்த், ஸீகாஹ், நவா, இராக், ஹுஸைனீ என்னும் மகாம்களின் பெயர்களைக் கேட்டால் பக்தாதிலோ ஷீராஸிலோ இருப்பதாகத் தோன்றும். பாடல்கள் பாரசீகத்திலும் காஷ்மீரியிலும் அமைந்தவை. கலைஞர் சிலர் வட்டமாக அமர்ந்து கூடிப் பாடுவர். சந்தூர், வில்லிசைக் கருவியாகிய ஸாஸே காஷ்மீர், ஸேதார், தாளத்துக்குத் தபலா ஆகியவை உடன் ஒலிக்கும். குழுவின் தலைவரே பெரும்பாலும் சந்தூரைத் தட்டிக்கொண்டு பாடுவார். இரவெல்லாம் நீளும் மஜ்லிஸ்களில், பொழுதுக்குரிய மகாம்களை முறைப்படி பாடுவது மரபு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருதவேண்டும். ஸூஃபியானாவில் சந்தூர் தனித்து மேடையேறும் கருவியன்று. கவிதையே அங்கு தலைமை தாங்கும். தந்தி அதற்குத் தோழமை செய்யும்.

இம்மரபைக் காத்தோர் பள்ளத்தாக்கின் ஒரு சில முஸ்லிம் குடும்பங்களே. தந்தையிடமிருந்து மகன், உஸ்தாதிடமிருந்து ஷாகிர்து என வாய்வழியாகவே அது வந்தது. இப்பாடல்களுக்கு அபிநயம் பிடித்த ‘ஹாஃபிஸா’ ஆடல் 1920களில் டோக்ரா ஆட்சியால் தடைசெய்யப்பட்டது. அதன் பின் அது மரபிலிருந்து மறைந்தது. எஞ்சியதும் அழிந்துவிடுமோ என அஞ்சிய ஷேக் அப்துல் அஸீஸ், 1960களில் ஸூஃபியானா பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுத்துக் ‘கோஷுர் சர்கம்’ என நூலாக்கினார். நபிமொழிகளைத் தொகுத்தோரின் உழைப்பைப் போதிக்கும் நமக்கு, நினைவில் இருப்பதை ஏட்டில் ஏற்றுவதன் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வருடி இசைக்கும் உடன்பிறப்பு

சந்தூரின் கதையைச் சொல்லும்போது அதன் உடன்பிறப்பை விட்டுவிடலாகாது. இதுவும் சரிவகப் பெட்டிதான். ஆனால் கோலால் தட்டாமல் விரலால் வருடி இசைப்பது. அரபியில் இதன் பெயர் ‘கானூன்’. இதனைப் படைத்தவர் தத்துவமேதை அல்ஃபாராபீ (இறப்பு 950) எனச் சொல்லப்படுவதாக இப்னு கல்லிகான் எழுதுகிறார். ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலை இயற்றியவர் மீது ஒரு கருவியின் புகழையும் மக்கள் ஏற்றிவிட்டனர் போலும்.

இந்தியாவில் இக்குடும்பத்தின் பெயர் சுவரமண்டலம். அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரீ’யில், இது கானூனைப் போன்றது என்றும், எஃகு, பித்தளை, நரம்பு ஆகியவற்றாலான 21 தந்திகள் உடையது என்றும் எழுதியுள்ளார். அக்பரின் அவைக் கலைஞர் பட்டியலில் தான்சேனுக்குப் பின்னே, ஹெராத், மஷ்ஹத் நகரத்தாரோடு ஒருவராகக் குவாலியரின் பீர் மண்டல் கான் இடம்பெறுகிறார். அவருடைய கருவி சுவரமண்டலமே. இருபதாம் நூற்றாண்டில் உஸ்தாத் படே குலாம் அலீ கான் (1902–1968) மார்போடு அணைத்துப் பிடித்து, விரல்களால் வருடிக்கொண்டே பாடிய கருவியும் இதுவே. கஸூரில் பிறந்து, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் சில காலம் வாழ்ந்து, மீண்டும் இந்தியா திரும்பி, ஹைதராபாத்தில் மறைந்தவர் அவர்.

அமெரிக்க நாட்டுப்புற இசையிலும் இதே இரட்டையர் உண்டு என்பது நம் வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். தட்டி இசைப்பது டல்சிமர். வருடி இசைப்பது ஆட்டோஹார்ப். பின்னதில் விசைக்கட்டை ஒன்றை அழுத்தினால் வேண்டாத தந்திகள் அடங்கி, இணைந்தொலிக்கும் சுரங்கள் மட்டும் எழும். கான்சாஸ் மாநிலத்து வின்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1972இல் தொடங்கிய இசைவிழாவில் இரண்டு கருவிகளுக்கும் வெற்றிவீரர் பட்டம் வழங்கும் போட்டிகள் நடந்து வந்துள்ளன. இரண்டிலும் தேர்ந்த நாட்டுப்புறக் கலைஞரும் அங்கு உளர். ஆட்டோஹார்ப்புக்கு 1882இல் ஃபிலடெல்ஃபியாவில் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் சிம்மர்மன். இன்று வழங்கும் வடிவமோ, கார்ல் குட்டர் என்னும் ஜெர்மானியர் அமைத்தது. சிம்மர்மனின் பெயரே உலகறிந்தது. குட்டரின் பெயரை ஆய்வாளர் தோண்டி எடுக்க நேர்ந்தது.

ஜம்முவின் தந்தையும் மகனும்

சிவகுமார் சர்மா 1938 ஜனவரி 13இல் ஜம்முவில் பிறந்தார். தந்தை உமா தத்த சர்மா வாய்ப்பாட்டுக் கலைஞர், வானொலியில் பணியாற்றியவர். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஸூஃபியானா மஜ்லிஸ்களில் ஒலித்த சந்தூரைக் கேட்ட அவர், அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசிக்க இயலும் என உறுதிகொண்டார். அதுவரை வாய்ப்பாட்டும் தபலாவும் பயின்றுவந்த மகனின் கையில் அக்கருவியைக் கொடுத்தார். இந்துஸ்தானி இசையில் சந்தூருக்கு முன்மாதிரி இல்லை. பின்பற்றத் தக்க கராணாவும் இல்லை. தந்தை பாடிக் காட்டியதை மகன் தந்தியில் தேடினார்.

1955இல் மும்பையில் நடந்த இசைவிழாவில் பதினேழு வயது இளைஞராகச் சிவகுமார் மேடையேறினார். விமர்சகர் பலர் கருவியை ஏற்கவில்லை. அவர்கள் எழுப்பிய தடை வெறும் பிடிவாதமன்று. இந்திய இசையின் உயிர், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் மீண்டிலும் கமகத்திலும் இருக்கிறது. சந்தூரிலோ ஒவ்வொரு சுரமும் தட்டிய மாத்திரத்தில் தெறித்துத் தனித்து நிற்கும். சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளியை எப்படிக் கடப்பது?

சிவகுமார் ஆண்டுக்கணக்கில் இதற்கு விடை தேடினார். குதிரைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். ஒவ்வொன்றின் மேலும் ஓடும் தந்திகளைக் குறைத்தார். சுருதி வைப்பை மாற்றினார். மரத்தாங்கியின் மேல் இருந்த கருவியைத் தம் மடிமீது வைத்துக்கொண்டதால் தேவையற்ற அதிர்வு அடங்கிற்று. கலத்தைத் தந்திமேல் அடித்துவிட்டு எடுக்காமல், அதிரவிட்டு மெல்ல இழுத்துச் செல்லும் முறையால் நீண்ட நாதத்தை எழுப்பினார். இருமைகளின் இடைவெளியை அவர் முற்றிலும் ஒழித்துவிட்டார் எனச் சொல்ல இயலாது. செவி அதனை நிரப்பிக்கொள்ளும் வகையில் வாசித்தார்.

1967இல் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராஸியா, கிதார் கலைஞர் பிரிஜ்பூஷண் காப்ரா ஆகியோருடன் அவர் வெளியிட்ட ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு, பள்ளத்தாக்கின் ஓசையை உலகெங்கும் கொண்டுசென்றது. சௌராஸியாவுடன் இணைந்து ‘சிவ்–ஹரி’ என்னும் பெயரில் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். 1981இல் வெளிவந்த அவர்களின் முதற்படத்தின் பெயர் ‘சில்சிலா’. ஸில்ஸிலா எனில் சங்கிலி. ஷைகிடமிருந்து முரீதுக்குத் தொடரும் வழிமுறைக்கு நாம் வழங்கும் சொல்லும் அதுவே. 1986இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1991இல் பத்மஸ்ரீயும், 2001இல் பத்மவிபூஷணும் அவரை வந்தடைந்தன. 2022 மே 10இல் மறைந்தார். அடுத்த மாதம் 2ஆம் நாள் சந்தூரின் மற்றொரு மேதையான பண்டிட் பஜன் சோபோரியும் காலமானார். ஸ்ரீநகரில் 1948இல் பிறந்த சோபோரி, ஸூஃபியானா மரபில் வந்த காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தவர். நான்கு வாரத்துக்குள் ஒரு கருவி தன் இரு பெருங்கலைஞரையும் இழந்தது.

பக்தாதின் யூதக் கலைஞர்கள்

இனி மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். முஸ்லிம் மஜ்லிஸ்களில் வளர்ந்த கருவியை இந்துக் கலைஞர் தம்முடையதாக்கிக்கொண்டார் என வருந்துவோர் உண்டு. இது பண்டைய ‘சததந்திரி வீணை’யே, பிறர் இடையில் வைத்திருந்தனர் என உரிமை கொண்டாடுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் பக்தாதின் வரலாற்றை ஒருமுறை படித்தல் நன்று.

இராக்கிய மகாம் இசையின் மரபுவழிக் குழுவுக்கு ‘சால்கீ பக்தாதீ’ என்று பெயர். அதன் முதன்மைக் கருவிகள் சந்தூரும், ஜோஸா என்னும் வில்லிசைக் கருவியும். பாடுவோரில் முஸ்லிம்கள் பலர். கருவியிசைத்தோரோ பெரும்பாலும் யூதர். 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டுக்கு இராக் அனுப்பிய குழுவில், பாடகர் முஹம்மத் அல்குப்பான்ஜீ முஸ்லிம். சந்தூர் வாசித்த யூஸுஃப் பதாவ் யூதர். பதாவின் குடும்பம் தலைமுறைகளாகச் சந்தூரைத் தொழிலாகக் கொண்டது. அவ்விசையின் மிகப் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளுள் சில அம்மாநாட்டில் எடுக்கப்பட்டவை.

1950–51இல் இராக்கின் யூதர்கள் ஏறத்தாழ அனைவரும் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களோடு சந்தூரும் ஜோஸாவும் பக்தாதைவிட்டுப் போய்விடும் நிலை. அத்தறுவாயில் யூத உஸ்தாதுகளிடமிருந்து இக்கருவிகளைக் கற்று வைத்துக்கொண்ட இளம் முஸ்லிம் கலைஞர் சிலராலேயே மரபு அறுபடாமல் நின்றது. ஹாஷிம் அர்ரஜப் சந்தூரையும், ஷுஊபீ இப்ராஹீம் ஜோஸாவையும் ஏற்றனர். இராக்கிய மகாமை 2003இல் யுனெஸ்கோ மானுடத்தின் செல்வமென அறிவித்தபோது, அப்பெருமைக்குள் வெளியேறிய யூதரின் விரல்களும் அடங்கியிருந்தன.

பக்தாதில் யூதரிடமிருந்து முஸ்லிமுக்குக் கைமாறியது. காஷ்மீரத்தில் முஸ்லிம்கள் காத்ததை ஜம்முவின் இந்து ஒருவர் உலகுக்கு எடுத்துச் சென்றார். பக்தாதில் நடந்ததைக் கொடை என்று போற்றிவிட்டு, காஷ்மீரத்தில் நடந்ததைக் கவர்தல் என்று தூற்றுவது நீதியாகாது.

அமானிதம்

நம் மார்க்கம் இதற்கொரு சொல்லைத் தந்திருக்கிறது: அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். ஆயினும் அது கெடாமல் காக்கும் பொறுப்பு அவருடையது. உரியவர் வரும்போது ஒப்படைக்கும் கடமையும் உண்டு. கலையில் ‘உரியவர்’ யார்? அதனைக் கற்க உழைப்பவரே என்பது நம் கருத்து.

இங்கு ஒரு கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. மேடையேறியவரை உலகம் அறிந்தது. அவருக்கு முன் நூற்றாண்டுக்கணக்கில் பனிக்கால இரவுகளில் கருவியை அணையவிடாமல் வைத்திருந்தவரை உலகம் அறியவில்லை. ஸூஃபியானாவின் மூத்த உஸ்தாத் குலாம் முஹம்மத் ஸாஸ்னவாஸுக்கு இந்திய அரசு 2013இல் பத்மஸ்ரீ வழங்கியது. சிவகுமாருக்கு அதே விருது கிடைத்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1990களின் கொந்தளிப்பில் இரவு மஜ்லிஸ்கள் குறைந்தன. சமயக் கண்டிப்பின் பெயரால் இவ்விசையைப் புறக்கணித்தோரும் இருந்தனர். இளையோர் வேறு தொழில் தேடினர். இதற்குச் சிவகுமாரைக் குறைகூற இயலாது. தன் வீட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றாத குடும்பம், அண்டை வீட்டில் ஒளி எரிவதைக் குற்றம் சொல்லலாகாது.

இதனை எழுதும்போது நம் விரல் நம்மையே சுட்டுகிறது. தந்தியை விலக்கிய இக்கரை, தொண்டையில் காத்த சந்தங்களையாவது முழுமையாகக் காத்ததா? முனாஜாத்தும் கிஸ்ஸாவும் வித்ரிய்யாவும் எந்தெந்த ராகத்தில் ஓதப்பட்டன எனக் கேட்டால், அறிந்தவர் தெருவுக்கு ஒருவராகக் குறைந்துவிட்டனர். அவர்களுக்கென ஒரு ‘கோஷுர் சர்கம்’ எழுத நம்மிடையே ஷேக் அப்துல் அஸீஸ் எவரும் தோன்றக் காணோம். அச்சிட்ட அடிகள் நூலில் இருக்கும். அடிகளை ஏந்திய ஓசை, ஓதுபவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

அம்மாணவர் இப்போது பட்டம் பெற்று ஓர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அண்மையில் நம்மைக் காண வந்தபோது, பழைய கேள்வியை நாமே நினைவூட்டினோம். “நம்மிடமும் இருந்தது, தம்பி. காத்தவர்களில் நம்மவரும் உண்டு. அதற்கு மேல் உரிமை கொண்டாட நமக்கு வழியில்லை” என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தம் மஹல்லாவில் வித்ரிய்யாவைப் பழைய முறையில் ஓதும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்.

“அவர் ஓதுவதைப் பதிவு செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டோம்.

“இல்லை, ஹஜ்ரத்.”

அஸருக்குப் பாங்கு ஒலித்தது. தொழுகை முடிந்ததும் அவர் அடுத்த பேருந்திலேயே ஊருக்குத் திரும்பினார்.